காசு கேட்கும் நிழல் வீரன்! செல்போன் சண்டை கேமுக்குள்ளே நடப்பது என்ன? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விவரம்

உத்திரமேரூர்:-

குடவோலை தேர்தலுக்கு பேர்போன ஊர் உத்திரமேரூர். இங்குள்ள வைகுண்ட பெருமாள் கோவில் சுவரில், ஊர் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சபை பொறுப்பில் இருந்துவிட்டு கணக்கு காட்டாதவனுக்கு மறுபடி இடம் கிடையாது, அவன் சொந்தக்காரனுக்கும் கிடையாது என்பது அதில் முக்கியமான விதி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய கறார் இது.

அப்பேர்ப்பட்ட ஊரில், இன்றைக்கு பல வீடுகளில் கணக்கு கேட்கப்படாத ஒரு செலவு இருக்கிறது. அது செல்போன் கேம் செலவு. பையன் என்ன ஆடுகிறான், அதில் காசு எந்த வழியாக போகிறது என்பது கூலி வேலைக்கும், கம்பெனி ஷிப்டுக்கும் ஓடும் பெற்றோருக்கு தெரிவதில்லை. திட்டத் தெரிகிறது. போனை பிடுங்கத் தெரிகிறது. உள்ளே நடக்கும் சமாச்சாரம்தான் புரிவதில்லை.

அந்த சமாச்சாரத்தை புரிந்துகொள்ள ஒரே ஒரு கேமை எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தால் போதும். அதன் பெயர் 'ஷேடோ பைட் 2'. தமிழில் சொன்னால் நிழல் சண்டை. கூகுள் பிளே ஸ்டோரில் மட்டும் 10 கோடி தடவைக்கு மேல் டவுன்லோடு ஆன ஆட்டம் இது. இதன் சூட்சுமம் புரிந்துவிட்டால், இதே ரகத்தில் இருக்கும் மற்ற ஆட்டங்களும் தானாக புரிந்துவிடும்.

அது என்ன நிழல் சண்டை?

இதை தயாரித்தது 'நெக்கி' என்ற வெளிநாட்டு கம்பெனி. முதலில் பேஸ்புக்கில் ஆடும் சின்ன ஆட்டமாக கொண்டு வந்தார்கள். அது சூடுபிடித்ததும் 2014-ம் ஆண்டு செல்போனுக்கு 'ஷேடோ பைட் 2' வந்தது. 2017-ல் மூன்றாவது பாகம், 2020-ல் 'ஷேடோ பைட் அரீனா' என்று அடுத்தடுத்து இறக்கினார்கள்.

திரையில் இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்பார்கள். இருவரும் கன்னங்கரேல் நிழல் உருவம். பின்னால் மூங்கில் காடு, மலை, கோட்டை என்று வண்ண ஓவியம். இடது கை கட்டை விரலால் ஆளை நகர்த்த வேண்டும். வலது கை விரலால் குத்து, உதை பட்டன்களை அழுத்த வேண்டும். எதிராளியின் உயிர்க்கோடு தீர்ந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். ஒரு சுற்று ஓரிரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அம்புட்டுதான் ஆட்டம்.

முகம் தெரியாத நிழல் என்பதால் பையன்களின் கண் முழுக்க அசைவிலேயே இருக்கும். அந்த அசைவில்தான் கம்பெனி முழு கவனத்தையும் வைத்திருக்கிறது. உதைக்கும்போது உடம்பு சாய்வது, அடி வாங்கினால் சுருண்டு விழுவது எல்லாம் நிஜ மனுஷன் மாதிரியே இருக்கும். அசைவுகளை அமைப்பதற்கென்றே 'கேஸ்கடூர்' என்ற தனி சாப்ட்வேரை இந்த கம்பெனி உருவாக்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, தோலில் வெட்டிய பொம்மை என்று நம்ம ஊரில் காலங்காலமாக நடந்த தோல்பாவைக் கூத்தும் இதே வித்தைதான். நிழலைப் பார்த்தால் மனுஷ மனசு மீதியை தானாக கற்பனை செய்துகொள்ளும்.

கதை என்ன?

வெறும் அடிதடி என்று நினைத்தால் அது தப்பு. இதில் மாயாஜாலக் கதை ஒன்று ஓடுகிறது.

யாராலும் தோற்கடிக்க முடியாத வீரன் ஒருவன். தன் குலம் போட்ட கட்டுப்பாட்டை மீறி, திறக்கக்கூடாத 'நிழல் வாசலை' ஆணவத்தில் திறந்துவிடுகிறான். உள்ளே அடைபட்டுக் கிடந்த அரக்கர்கள் வெளியே பாய்கிறார்கள். வீரனின் உடம்பு போய், வெறும் நிழலாகிவிடுகிறான். அரக்கர் ஆறு பேரையும் ஒவ்வொருவராக வீழ்த்தி, அவர்களிடம் இருக்கும் முத்திரைகளை பறித்து, வாசலை மூட வேண்டும். இதுதான் கதை.

லிங்ஸ், ஹெர்மிட், புட்சர், வாஸ்ப், விடோ, ஷோகன் என்று ஆறு அரக்கர்களுக்கும் பெயர் உண்டு. ஒருவன் கையில் நகக் கத்தி, ஒருத்தி கையில் விசிறி ஆயுதம், ஒருவனிடம் மின்னல் மந்திரம். ஒவ்வொருவருக்கும் ஐந்து மெய்க்காப்பாளர்கள் வேறு. அவர்களை தாண்டினால்தான் தலைவனை தொட முடியும். ஆறு பேரும் முடிந்த பிறகு 'டைட்டன்' என்ற பெரிய வில்லன் காத்திருப்பான்.

காஞ்சீபுரம் மாவட்ட கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரி கதை புதுசு இல்லை. திரவுபதி அம்மன் கோவில் அக்னி வசந்த விழாவில் நாள் கணக்கில் பாரதக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் தரையில் படுத்திருக்க, பீமன் வேஷக்காரர் கதையோடு சுற்றி வந்து தொடையில் அடிக்கும் வரை கூட்டம் நகராது. ஆணவம், சாபம், சபதம், ஆயுதம், கடைசி சண்டை... கூத்தில் இருக்கும் அதே மசாலாதான் செல்போனிலும் இருக்கிறது. பிள்ளைகள் அதில் மயங்குவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே?

இரண்டு ஆட்டம் கலந்த கலவை

கேம் உலகத்தில் இரண்டு பழைய ரகங்கள் உண்டு.

ஒன்று, சண்டை கேம். ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1991-ல் விட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' இதை உலகம் முழுக்க பிரபலமாக்கியது. மறு வருஷமே அமெரிக்காவில் 'மார்ட்டல் கோம்பாட்' வந்தது. ரத்தம் தெறிக்கும் அந்த ஆட்டத்தைப் பார்த்து அமெரிக்க செனட் சபையே 1993-ல் விசாரணை நடத்தியது. அதன் பிறகுதான் 1994-ல் அங்கே கேம்களுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு வந்தது. நம்ம ஊரில் வீடியோ கேம் கடைகளில் பையன்கள் மணிக்கணக்கு வாடகை கொடுத்து ஆடிய சண்டை கேம்களும் இந்த ரகம்தான்.

அந்த ஆட்டங்களில் ஒரு நியாயம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே பட்டன். ஒரே பலம். யாருக்கு கை வேகம் அதிகமோ, யார் நிறைய பழகினார்களோ அவர்கள் ஜெயிப்பார்கள். பணக்கார வீட்டுப் பையனுக்கு தனி கத்தி கிடையாது.

இன்னொன்று, 'ரோல் பிளேயிங்' எனப்படும் பாத்திரம் ஏற்று ஆடும் ரகம். 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம்தான் இதற்கு ஆதி. அதற்கு செல்போனும் இல்லை, டி.வி.யும் இல்லை. பேப்பர், பென்சில், பகடை மட்டும்தான். நீங்கள் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பீர்கள். சாகசம் செய்யச் செய்ய அனுபவப் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் 'லெவல்' ஏறும். லெவல் ஏறினால் பலம் கூடும். கத்தி, கவசம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இதில் கை வேகம் தேவை இல்லை. பொறுமையும் திட்டமும் இருந்தால் போதும்.

'ஷேடோ பைட் 2' இந்த இரண்டையும் ஒன்றாக போட்டு கலக்கியது. சண்டை, கை வேகத்தால் நடக்கும். ஆனால் அடியின் பலம், நீங்கள் வைத்திருக்கும் ஆயுதத்தைப் பொறுத்தது. கத்தி, கம்பு, சங்கிலி, வாள் என்று ஆயுதங்கள். தலைக்கவசம், உடம்புக் கவசம். தூரத்தில் இருந்து வீசும் ஆயுதம். பிற்பாடு மந்திரம். மொத்தம் 52 லெவல்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கையில் இருந்த பலம், ஆயுதத்துக்கு மாறிவிட்டது. கை வித்தையை கடையில் வாங்க முடியாது. ஆயுதத்தை வாங்கலாம்!

'முடியவே முடியாது' என்று சொல்லும் திரை

சண்டைக்குப் போகும் முன்பு, அந்த சண்டை எவ்வளவு கஷ்டம் என்று கேமே திரையில் எழுதிக் காட்டும். 'ஈசி' என்றால் சுலபம். 'நார்மல்' என்றால் சாதாரணம். 'ஹார்ட்' என்றால் கஷ்டம். அதற்கு மேல் 'இன்சேன்', அதையும் தாண்டி 'இம்பாசிபிள்'. அதாவது முடியவே முடியாது!

ஆரம்பத்தில் எல்லாம் ஈசியாகத்தான் வரும். பையன் வரிசையாக ஜெயிப்பான். தன்னை பெரிய கில்லாடி என்று நினைப்பான். கொஞ்ச நாளில் எதிராளியின் பலம் ஏறிக்கொண்டே போகும். பையனின் பழைய கத்தி மொக்கையாகிவிடும். இவன் பத்து உதை விட்டாலும் எதிராளி அசையமாட்டான். அவன் விடும் நாலு உதையில் இவன் காலி. திரையில் 'இம்பாசிபிள்' என்று எழுத்து மின்னும்.

அந்த நேரத்தில் கடைக்குப் போய் புது வாள் வாங்கினால் அல்லது இருக்கும் வாளை மெருகேற்றினால், அதே சண்டை 'நார்மல்' ஆகிவிடும். பையனின் திறமை ஒரு துளியும் கூடவில்லை. வாள்தான் மாறியது. ஆனால் ஜெயித்த சந்தோஷம் மட்டும் அவனுக்கு நிஜம்.

வாள் வாங்க கேமுக்குள் காயின் வேண்டும். பழைய சண்டைகளை திரும்பத் திரும்ப ஆடினால் காயின் சேரும். அது காசு இல்லாத வழி. ஆனால் நேரம் பிடிக்கும். காயினோடு 'ஜெம்' என்ற ரத்தினக் கல்லும் உண்டு. சில நல்ல ஆயுதங்கள் ஜெம்முக்குத்தான் கிடைக்கும். ஆடிச் சேர்ப்பதில் ஜெம் துளித்துளியாகத்தான் வரும். நிஜ ரூபாய் கொடுத்தால் உடனே கொத்தாக வரும்.

எனர்ஜி என்ற சுங்கச்சாவடி

இன்னொரு பூட்டு 'எனர்ஜி'. ஒவ்வொரு சண்டைக்கும் கொஞ்சம் எனர்ஜி குறையும். தீர்ந்துவிட்டால் ஆட முடியாது. தானாக நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லையா? ஜெம் கொடு, உடனே நிரப்புகிறேன் என்கிறது கேம்.

பாதி சண்டையில் தோற்றுப்போய், 'இன்னொரு தடவை ஆடினால் ஜெயித்துவிடலாம்' என்று பையன் துடிக்கும் நேரத்தில்தான் இந்த கதவு மூடும். பசி நேரத்தில் சாப்பாட்டு இலையை எடுத்துவிட்டு பில் நீட்டுவது மாதிரி.

இந்த காத்திருப்பு கதைக்குத் தேவையா? இல்லை என்பதற்கு அந்த கம்பெனியே சாட்சி. 2017-ல் 'ஸ்பெஷல் எடிஷன்' என்று இதே ஆட்டத்தை தனியாக விற்றார்கள். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டால் எனர்ஜி தொல்லை இல்லை, விளம்பரத் தொல்லையும் இல்லை. அதே வீரன், அதே அரக்கர்கள். ஆக, ஓசி ஆட்டத்தில் இருக்கும் காத்திருப்பு, கதைக்காக வைத்தது அல்ல. காசுக்காக வைத்தது என்பது இதிலிருந்தே தெளிவாகிறது.

அதற்காக கம்பெனி ஏமாற்றுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கான கேம்கள் இப்படித்தான் பிழைப்பு நடத்துகின்றன. ஆட்டம் ஓசி, அவசரத்துக்கு காசு என்பதுதான் இவர்கள் வியாபாரம். பெரும்பாலானோர் ஒரு ரூபாய்கூட கட்டாமல் ஆடுவார்கள். அவசரக்காரர்கள் கட்டும் காசில் கடை ஓடும். அந்த அவசரக்காரர், பெரியவர்களின் போனை வைத்திருக்கும் சின்னப் பையனாக இருந்தால்தான் வீட்டுக்கு வினை.

'ஷேடோ பைட் 3'-ல் இன்னொரு ரகமும் உண்டு. அதில் ஆயுதங்கள் சீட்டு மாதிரி, மூடிய பொட்டலத்தில் வரும். பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே நல்லது இருக்கா, மொக்கை இருக்கா என்று தெரியும். பெட்டிக்கடையில் நாம் காசு கொடுத்து சீட்டு கிழித்த அதே ஆசைதான். காசு கொடுத்துப் பிரிக்கும் இந்த மாதிரி பொட்டலங்களை சூதாட்டம் என்று சொல்லி பெல்ஜியம் நாடு 2018-ல் நடவடிக்கை எடுத்தது குறிப்பிடத்தக்கது.

சின்ன காசு... பெரிய ஓட்டை

ஒரு பேச்சுக்கு கணக்கு போடுவோம். பையன் ஒரு தடவைக்கு 29 ரூபாய் என்று தினம் ஒரு தடவை கட்டினால், மாசம் 30 நாளைக்கு 870 ரூபாய். 29 ரூபாய் போனால் யாரும் பதற மாட்டார்கள். டீ, வடை செலவு என்று விட்டுவிடுவார்கள். 870 ரூபாய் என்பது சாதாரண குடும்பத்துக்கு சின்ன தொகை இல்லை. ஒரே தடவை 870 போயிருந்தால் வீடே அல்லோலகல்லோலப்படும். துளித்துளியாக போவதால் சத்தமே வருவதில்லை.

அதிலும் கேமுக்குள் விலை ரூபாயில் தெரியாது. ஜெம்மில்தான் தெரியும். 'இந்த வாள் இத்தனை ஜெம்' என்றால், அது எத்தனை ரூபாய் என்று சின்னப் பிள்ளைக்கு உறைக்காது. திருவிழா ராட்டினத்தில் காசை டோக்கனாக மாற்றிக் கொடுத்த பிறகு செலவு தெரியாமல் போவது மாதிரிதான் இதுவும்.

போன் எப்படி பையன் கைக்கு வந்தது?

2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஆன்லைன் வகுப்புக்காக கடன் வாங்கியாவது ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்த பெற்றோர் ஏராளம். பள்ளி திறந்த பிறகும் போன் திரும்பவில்லை.

அதே 2020 செப்டம்பர் 2-ந்தேதி 'பப்ஜி' உள்ளிட்ட 118 ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்டது. 2022 பிப்ரவரியில் 'கரேனா பிரீ பயர்' முடங்கியது. ஒன்று போனால் பையன்கள் வேறு கேமுக்கு தாவினார்கள். 'ஷேடோ பைட் 2' மாதிரி கேமில் கதைப் பகுதியை நெட் இல்லாமலும் ஆடலாம். அதனால் 'டேட்டா ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் போதும்' என்று நினைக்கும் பெற்றோரின் கணக்கும் பலிக்காது.

சட்டம் தடுக்குமா?

'ஆன்லைன் கேமுக்குத்தான் தடை வந்துவிட்டதே' என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் குழப்பம்.

தமிழக அரசு கொண்டு வந்த ஆன்லைன் சூதாட்ட தடை சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. அந்த சட்டத்தின் கீழ் 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை, 18 வயதுக்கு கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை என்பது அதில் முக்கியம். 2025 ஜூன் 3-ந்தேதி சென்னை ஐகோர்ட்டும் இந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

அடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற ஆசையில் ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு இந்த சட்டம் தடை விதிக்கிறது.

இரண்டு சட்டமும் குறி வைப்பது ரம்மி மாதிரி பணத்தை வைத்து பணம் எடுக்கும் ஆட்டத்தை. நிழல் சண்டையில் பணம் திரும்ப வராது. ஜெயித்தாலும் வராது, தோற்றாலும் வராது. பொம்மை வாள்தான் வரும். அதனால் இது சூதாட்டக் கணக்கில் சேராது. பொம்மை வாங்கியது மாதிரி ஒரு செலவு, அவ்வளவே. ஆகவே போலீஸ் வந்து தடுக்கும் என்று காத்திருந்து பயன் இல்லை. காவல் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து நாடான சீனாவில் 2021-ல் வேறு மாதிரி செய்தார்கள். 18 வயதுக்கு கீழ் உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே ஆன்லைன் கேம் ஆடலாம் என்று உத்தரவு. நம் நாட்டில் அப்படி எதுவும் கிடையாது.

'ஓசி காயின்' என்ற பொறி

காசு கிடைக்காத பையன்கள் அடுத்து தேடுவது 'மோட் ஏபிகே'. அதாவது யாரோ திருத்தி வைத்த திருட்டு கேம். 'எவ்வளவு வேணுமோ அவ்வளவு காயின், ஜெம் ப்ரீ' என்று ஆசை காட்டுவார்கள். இது பிளே ஸ்டோரில் இருக்காது. கண்ட கண்ட வெப்சைட்டில், டெலிகிராம் குரூப்பில் கிடைக்கும்.

ஆபத்து இதில்தான் அதிகம். வாளுக்கு கட்டும் 29 ரூபாயாவது கணக்கில் தெரியும். இந்த பைலுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எஸ்.எம்.எஸ்.சை படிக்க, போன் முழுக்க பார்க்க அனுமதி கேட்கும். பையன் கேம் ஆசையில் எல்லாவற்றுக்கும் ஓகே அழுத்துவான். அதே போனில்தான் அப்பாவின் பேங்க் ஓ.டி.பி. வரும். கல்யாண பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே பைல் அனுப்பி போனை மடக்கும் மோசடி பற்றி 2024-ல் இமாச்சல பிரதேச போலீசார் எச்சரித்தார்கள். ஓசி கேம் என்ற பெயரிலும் அதே வேலையை செய்ய முடியும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பள்ளிப் பிள்ளைகளின் ஆன்லைன் கேம் பற்றி மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அறிவுரை வெளியிட்டது. கேமுக்குள் பொருள் வாங்க பெற்றோர் சம்மதம் வேண்டும், கேம் ஆப்பில் கார்டு விவரத்தை பதிந்து வைக்கக்கூடாது, தெரியாத இடத்தில் இருந்து கேம் இறக்கக்கூடாது என்பது அதன் சாரம். அதை நடைமுறையில் செய்வது எப்படி?

* பிளே ஸ்டோரை திறந்து, வலது பக்கம் மேலே இருக்கும் வட்டப் படத்தை தொடுங்க. செட்டிங்ஸ் உள்ளே போய், 'பர்ச்சேஸ் வெரிபிகேஷன்' என்பதை தேடுங்க. ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்க. இது ஒன்றே பாதி ஓட்டையை அடைத்துவிடும்.

* அதே வட்டப் படத்தில் 'பேமெண்ட்ஸ்' என்ற இடம் இருக்கும். கார்டோ, யு.பி.ஐ.யோ பதிந்திருந்தால் எடுத்துவிடுங்க. இதுவரை என்னென்ன வாங்கியது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். கணக்கு கேட்க வேண்டிய இடம் அதுதான்.

* யு.பி.ஐ. பின் நம்பர் வீட்டுப் பூட்டு சாவி மாதிரி. 'நீயே அனுப்பிடு கண்ணு' என்று பிள்ளையிடம் பின்னை சொல்லிக் கொடுத்திருந்தால், இன்றைக்கே மாற்றுங்க.

* யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' என்ற இடத்தைப் பாருங்க. மாசாமாசம் தானாக காசு எடுக்க யாருக்காவது அனுமதி கொடுத்திருந்தால் அங்கே தெரியும். தேவை இல்லாததை நிறுத்திவிடலாம்.

* பிள்ளைக்கு தனி போன் இருந்தால் கூகுளின் 'பேமிலி லிங்க்' ஆப் போடலாம். இது இலவசம். எவ்வளவு நேரம் ஆடலாம், எத்தனை மணிக்கு போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று உங்க போனில் இருந்தே சொல்லலாம்.

* கேமை இறக்கும் முன் பிளே ஸ்டோரில் அந்த ஆப் பக்கத்தை கீழே தள்ளிப் பாருங்க. எந்த வயதுக்கு ஏற்றது, உள்ளே வாங்கும் பொருளின் விலை எவ்வளவில் இருந்து எவ்வளவு வரை என்று போட்டிருப்பார்கள்.

காசு போய்விட்டால்?

பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால், அடிப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்க. வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் 'ரீபண்ட்' கேட்டு விண்ணப்பிக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் விசாரித்து முடிவு செய்வார்கள். நேரம் கடந்துவிட்டால் கேம் கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும். அது லேசில் நடக்காது.

யாரோ ஏமாற்றி பணம் எடுத்திருந்தால் அது வேறு விஷயம். உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கை மாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஆடுகிற பிள்ளை எல்லாம் அடிமை இல்லை. சாயங்காலம் அரை மணி, ஒரு மணி ஆடிவிட்டு, கூப்பிட்டால் எழுந்து வருகிற பிள்ளையை பற்றி பயப்பட ஒன்றும் இல்லை. எதிராளியின் அசைவை கவனிப்பது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று யோசிப்பது, காயினை சேர்த்து வைத்து செலவு பண்ணுவது எல்லாம் நல்ல பழக்கம்தான்.

உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் கேம் அடிமைத்தனத்தை 2019-ல் சேர்த்தது. 2022 ஜனவரி 1-ந்தேதி முதல் அது நடைமுறையில் உள்ளது. அதற்கு மூன்று அடையாளம் சொல்கிறார்கள். எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போய்விடுவது. சாப்பாடு, படிப்பு, சினேகிதம் எல்லாவற்றையும்விட கேம் முக்கியம் ஆவது. கெடுதல் நடப்பது தெரிந்தும் நிறுத்த முடியாமல் தொடர்வது. பொதுவாக ஒரு வருஷம் போல இப்படி நீடித்து, வாழ்க்கையே பாதித்தால்தான் நோய் என்பார்கள். ஆக, பரீட்சை முடிந்த லீவில் ரெண்டு நாள் கூடுதலாக ஆடியதற்கு 'பைத்தியம்' பட்டம் கட்டிவிடக் கூடாது.

நிஜமாகவே கையை மீறிப் போனால், 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்கு பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல ஆலோசனை சேவை இது. தமிழிலும் பேசலாம். பேர் வெளியே வராது.

போனை திடீரென்று பிடுங்கி உடைப்பது, ஊர் முன்னால் அவமானப்படுத்துவது எல்லாம் பலன் தராது. வீம்புதான் வளரும். அதைவிட ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, 'எனக்கு ஒரு ஆட்டம் சொல்லிக் கொடு' என்று கேட்டுப் பாருங்க. எந்த அரக்கன்கிட்ட நிக்கிறே, என்ன வாள் வச்சிருக்கே, 'இம்பாசிபிள்' என்று வந்தால் என்ன பண்றே என்று பேச்சு கொடுத்தால், செலவு பண்ணினானா இல்லையா என்பது தானாக வெளியே வந்துவிடும்.

அப்போது ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளையின் தலையில் ஏற்றினால் போதும். காசு கொடுத்து வாங்கிய வாளால் ஜெயித்தால் ஜெயித்தது வாள். பொறுமையாக காயின் சேர்த்து, அடி வாங்கிப் பழகி, அதே அரக்கனை வீழ்த்தினால் ஜெயித்தது நீ.

காஞ்சீபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் நடந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்ற பிள்ளைகள், வருஷக்கணக்கில் அடவு பழகித்தான் மேடை ஏறினார்கள். அந்த வித்தையை எந்த ஜெம்மும் வாங்கித் தராது.

கூத்துக்கும் செல்போனுக்கும் இன்னொரு வித்தியாசமும் உண்டு. விடிந்தால் கூத்து முடிந்துவிடும். பீமனும் துரியோதனனும் வேஷம் கலைத்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். முகம் தெரியாதவர்களோடு மோதும் 'அரீனா' மாதிரி கேம்களுக்கு விடியலே கிடையாது. இன்றைக்கு ஒருத்தனை ஜெயித்தால் நாளைக்கு இன்னொருத்தன். அந்த ஆட்டத்துக்கு விடியல் வைக்க வேண்டியது பெற்றோர்தான்.

ராத்திரி எத்தனை மணிக்கு போன் கீழே வைக்க வேண்டும் என்று இன்றைக்கே நேரம் பேசி வைத்துவிடுங்க. மாசம் ஒரு தடவை பிளே ஸ்டோர் கணக்கையும் திறந்து பார்த்துவிடுங்க. உத்திரமேரூர்க்காரர்களுக்கு கணக்கு கேட்பது ஒன்றும் புதுசு இல்லையே!